இடுப்பின் சுற்றளவும் இரவின் உறக்கமும்

மட்டக்களப்பு வாவிக்கரையில் இரவு மிக அமைதியானது. நிலவு நாட்களில், கல்லடிப் பாலத்தின் அருகே வாவியின் அடியிலிருந்து எழும் இன்னிசையைக் கேட்பதற்கென்றே தோணியேறிச் சென்றவர் பலர். பாடுவது மீனோ, ஊரியோ என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆயினும் அவ்வாவியின் இரு கரைகளிலும் நள்ளிரவில் விழித்திருப்போர் யாவரும் இசை கேட்பதற்காக விழித்திருப்பவரல்லர்.

எழுவான்கரைக் கிராமம் ஒன்றிலே, அறுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவரை நம் மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். மனைவி மக்கள் அயர்ந்து உறங்குகின்றனர். அவர் ஓசைப்படாமல் தாழை நீக்கி முற்றத்தில் இறங்குகிறார். அன்றிரவு அது மூன்றாவது முறை. நெடுநேரம் நின்றும் நீர் எளிதிற் பிரியவில்லை. பிரிந்ததும் சொட்டுச் சொட்டாகவே பிரிகின்றது. திரும்பிவந்து படுத்தால் ஒரு மணி நேரத்தில் மீண்டும் உந்துதல். காலையில் மனைவி, "இரவெல்லாம் ஏன் எழும்பித் திரிகிறீர்கள்?" என்று வினவினால், "வயது போனால் இதெல்லாம் வரத்தானே செய்யும்" என்று கூறி அப்பேச்சை முடித்துவிடுகிறார். மறுநாள் முதல் மாலைக்குப்பின் நீர் அருந்துவதையே நிறுத்திவிடுகிறார். திருமண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் போவதைக் குறைத்துக்கொள்கிறார்.

இத்தகைய பெரியவர் இல்லாத ஊர் இல்லை எனலாம். அவர் சொன்ன விடையிற் பாதி உண்மை. மற்றப் பாதி அவருடைய வயதில் இல்லை. அவர் சாரம் உடுத்தும் இடுப்பின் சுற்றளவிலே இருக்கக்கூடும். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முகத்துவாரமும் மணல்மேடும்

மட்டக்களப்பு வாவியை அறிந்தார்க்கு இந்நோயின் இயல்பை விளக்குதல் எளிது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய அவ்வாவி, வடக்கே பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரத்திலும், தெற்கே கல்லாற்றிலும் கடலோடு கலக்கின்றது. கோடையிலே கடலலை கொணர்ந்து குவிக்கும் மணல் அவ்வாயிலை அடைத்துவிடுவதுண்டு. மாரி மழையால் வெள்ளம் பெருகுங்காலத்தும் வாயில் திறவாதிருப்பின், நீர் பின்னோக்கி ஏறித் தாழ்ந்த வயல்களை மூழ்கடிக்கும். முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டும் என்ற குரல் அப்பொழுது எழுகின்றது.

ஆணின் உடலில் சலப்பை ஒரு வாவி. அதிலிருந்து நீர் வெளியேறும் குழாய் அதன் முகத்துவாரம். அக்குழாய் தொடங்கும் இடத்தில், சலப்பைக்குக் கீழே, அதனைச் சுற்றி அமைந்திருப்பது புரொஸ்டேற் சுரப்பி. முன்னே நிற்பவன் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்த பெயர் அது; ஆதலினாலேயே தமிழில் அதனை முன்னிற்குஞ் சுரப்பி என்பர். விந்துடன் கலக்கும் நீரின் ஒரு பகுதியைச் சுரப்பதே அதன் தொழில். இளைஞனிடத்தில் ஏறத்தாழ 20 கிராம் நிறையுடையதாய் இருக்கும் அச்சுரப்பி, நாற்பது வயதுக்குமேல் மெல்லப் பருக்கத் தொடங்குகின்றது. ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட ஆடவரிற் பாதிப்பேரிடத்தும், எண்பதைக் கடந்தோரிற் பெரும்பாலோரிடத்தும், இப்பருமனின் அடையாளங்களை நுண்ணோக்கியிற் காணலாம். எனினும் அவர்கள் அனைவரும் துன்புறுவதில்லை. பருத்த சுரப்பி குழாயை நெருக்கினால் மாத்திரமே தொல்லை தோன்றும்.

அத்தொல்லை உறக்கக் கேட்டுடன் நிற்பதன்று. வாயில் அடைபட்டால் வாவி நிறைந்து வயலை மூழ்கடிப்பதுபோல, நாட்பட்ட அடைப்பினால் சலப்பை தளர்ந்து, நீர் தேங்கி, சிறுநீரகங்கள் வரையில் அழுத்தம் ஏறி, அவை பழுதடைதலும் உண்டு. சிலருக்கு ஓரிரவில் நீர் முற்றாக அடைபட்டுவிடும். அடிவயிறு பாறைபோல் இறுகி, வேதனை தாங்காது, வைத்தியசாலைக்குத் தூக்கிச்செல்லப்பட்டு, குழாய் செலுத்தி நீரை வெளியேற்றிய பின்னரே அவர்க்கு உயிர் வந்ததுபோலிருக்கும்.

ஒன்றை இங்கே வற்புறுத்திக் கூறவேண்டும். இப்பருமன் புற்றுநோயன்று, புற்றுநோயாக மாறுவதுமன்று. ஆயினும் அதே சுரப்பியிற் புற்றுநோயும் தனியே தோன்றக்கூடும் ஆதலின், எது எதுவென்று தீர்மானிக்கும் பொறுப்பை வைத்தியரிடமே விடுதல் வேண்டும்.

பால்ட்டிமோர் நகரத்து இரு நிகழ்ச்சிகள்

வயிற்றின் பருமனுக்கும் இச்சுரப்பியின் பருமனுக்கும் தொடர்பு உண்டென்பதற்கு, அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் ஏறத்தாழ நூறாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு செய்திகள் சான்றாகின்றன.

நியூயோர்க் நகரிலே ஜேம்ஸ் புக்கனன் பிரேடி என்ற பெருஞ்செல்வர் வாழ்ந்தார். இருப்புப்பாதைக்கு வேண்டிய பொருள்களை விற்றுப் பொருளீட்டிய அவர், வைர அணிகளில் கொண்ட மோகத்தால் வைர ஜிம் எனப்பட்டார். அணிகளினும் அவர் பெயர் பெற்றது உணவிலே. பலர் உண்பதை ஒருவராக உண்பார் என்று ஊர் பேசிற்று. பெருத்த உடலும் நீரிழிவும் அவரைப் பற்றின. சிறுநீர் அடைப்பும் சேர்ந்துகொண்டது. அவருடைய உடல்நிலை கண்டு சத்திரசிகிச்சை செய்ய வைத்தியர் சிலர் அஞ்சினர். 1912-ஆம் ஆண்டில், பால்ட்டிமோரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் ஹியூ ஹம்ப்டன் யங் என்னும் நிபுணர், தாம் அமைத்த கருவி ஒன்றைச் சிறுநீர்க் குழாய் வழியாகச் செலுத்தி, அடைத்திருந்த பகுதியை அகற்றி அவரைக் காப்பாற்றினார். நன்றிமிக்க பிரேடி அளித்த கொடையினால், 1915-இல் அவர் பெயரால் சிறுநீரக நோய்களுக்கான நிலையம் ஒன்று அங்கே திறக்கப்பட்டது. 1917-இல் அவர் மறைந்தார். உண்டி, பருமன், நீரிழிவு, சுரப்பி ஆகிய நான்கும் ஒரே மனிதரிடத்துக் கூடியிருந்ததை அக்காலத்தவர் தற்செயலென்றே எண்ணியிருப்பர்.

அதே பால்ட்டிமோர் நகரில், மனிதர் முதுமையடையும் விதத்தை ஆராயும் நெடுங்கால ஆய்வு ஒன்று 1958-இல் தொடங்கிற்று. அதிற் சேர்ந்திருந்த 422 ஆடவரின் சுரப்பியளவை அவர்களுடைய நிறையோடும் குருதிச் சர்க்கரையோடும் ஒப்பிட்டுப் பார்த்த முடிவுகள் 2006-இல் வெளியாயின. மிகுபருமன் உடையோர்க்குச் சுரப்பி பருத்திருக்கும் வாய்ப்பு, மெலிந்தோரைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு. வெறுவயிற்றுச் சர்க்கரை உயர்ந்திருந்தோர்க்கு அவ்வாய்ப்பு மூன்று மடங்கு. நீரிழிவு உடையோர்க்கு இரு மடங்கு. 1994-இல் அமெரிக்க மருத்துவத் துறையினரிடையே நடத்திய மற்றோர் ஆய்வும் இதனையே காட்டிற்று. 43 அங்குலத்துக்கு மேற்பட்ட இடுப்புச் சுற்றளவு உடையோர், 35 அங்குலத்துக்குக் குறைந்தோரிலும் இரு மடங்குக்கு மேலாக இந்நோய்க்குச் சத்திரசிகிச்சை பெற நேர்ந்தது.

வயிற்றுக் கொழுப்பு செய்யும் வினை

வயிற்றிற் சேரும் கொழுப்பு, சுரப்பியை எவ்வாறு பருக்கச் செய்யும் என மாணவர் வினவலாம். கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கு அன்று. ஓயாது வேலை செய்யும் ஓர் உறுப்பு.

வயிறு பருக்கும்போது உடற்கலங்கள் இன்சுலினின் கட்டளைக்கு எளிதிற் பணிவதில்லை. அதனால் சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கின்றது. இன்சுலினும் அதனையொத்த வளர்ச்சிக் காரணிகளும் கலங்களைப் பெருகத் தூண்டுவன. அன்றியும், கொழுப்புக் கலங்கள் ஆண் ஓமோனின் ஒரு பகுதியைப் பெண் ஓமோனாக மாற்றுகின்றன. அம்மாற்றமும் சுரப்பியின் வளர்ச்சிக்கு உதவுவதாகக் கருதுகின்றனர். மூன்றாவதாக, கொழுப்பிலிருந்து எழும் ஓயாத மெல்லிய அழற்சி சுரப்பியையும் தாக்குகின்றது. நான்காவது வினை நரம்பினது. உயர்ந்த இன்சுலின் பரிவு நரம்புகளை முடுக்கிவிடுமாதலின், சுரப்பியிலும் சலப்பை வாயிலிலும் உள்ள தசைகள் இறுகுகின்றன. ஆகவே, அளவிற் பெரிதாகாத சுரப்பியும் குழாயை நெருக்குதல் கூடும்.

இவையெல்லாம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டன என்று கூறுதல் பொருந்தாது. சில ஆய்வுகளில் இத்தொடர்பு வலிதாயும், சிலவற்றில் மெலிதாயும் காணப்படுகின்றது. நிறை குறைந்தால் பருத்த சுரப்பி மீண்டும் சிறுக்கும் என்பதற்கும் போதிய சான்று இல்லை. மெலிந்தவர்க்கும் இந்நோய் வருவதுண்டு. வயதும் பரம்பரையும் முதற் காரணங்கள். அவை நம் கைக்கு அப்பாற்பட்டவை. இடுப்பின் அளவோ நம் கையில் இருப்பது.

"நான் மெலிந்த ஆள்தானே!"

இதுவரை படித்த வாசகர் சிலர், அமெரிக்கச் செல்வரின் பருமன் நமக்கு ஏது என்று அமைதி கொள்ளக்கூடும். அங்கேதான் நாம் ஏமாறுகின்றோம்.

2004-ஆம் ஆண்டில் 'லான்செற்' என்னும் மருத்துவ இதழில் ஒரு படம் வெளிவந்தது. இலண்டனைச் சேர்ந்த வைத்திய அறிஞர் ஜோன் யட்கினும், இந்தியாவின் புனே நகரத்து வைத்திய அறிஞர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அதில் அருகருகே நிற்கின்றனர். இருவரும் மெலிந்த தோற்றத்தினர். நிறைக்கும் உயரத்துக்கும் உள்ள பொருத்தத்தைக் காட்டும் எண் இருவர்க்கும் ஒன்றே, அது 22.3. ஆனால் உடலிலுள்ள கொழுப்பை அளந்தபோது, யட்கினிடம் நூற்றுக்கு 9.1 பங்கும் யாஜ்னிக்கிடம் 21.2 பங்கும் இருந்தன. ஒரே நிறை, கொழுப்போ இரு மடங்குக்கு மேல்! தென்னாசியர் வெளியே மெலிந்து உள்ளே கொழுப்பைத் தாங்குபவர் என்னும் உண்மையை இதனிலும் தெளிவாக விளக்குதல் அரிது.

ஆகையால் நமக்குரிய எல்லைகள் வேறு. கிலோகிராமிற் கண்ட நிறையை, மீற்றரிற் கண்ட உயரத்தால் இருமுறை வகுத்தால் மேலே கூறிய எண் கிடைக்கும். 165 சென்ரிமீற்றர் உயரமும் 68 கிலோகிராம் நிறையும் உடையவர்க்கு அது ஏறத்தாழ 25. ஐரோப்பியர்க்கு இது எல்லைக்கோடு; ஆசியர்க்கோ 23-ஐத் தாண்டினாலே கவலைக்கு இடமுண்டு. அவர் 62 கிலோகிராம் அளவில் இருத்தல் நன்று. இதனினும் எளிய அளவு இடுப்பினது. தையற்காரரின் நாடாவைக் கொப்பூழ் மட்டத்தில் வைத்து, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்கவேண்டும். தென்னாசிய ஆடவர்க்கு 90 சென்ரிமீற்றர், அஃதாவது ஏறத்தாழ முப்பத்தைந்தரை அங்குலம், எச்சரிக்கை எல்லையாகும். கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் முன்தள்ளி நிற்கும் நம்மவர் பலர் இவ்வெல்லையைத் தாண்டியிருப்பர்.

கணக்கில் வராத கரை

இலங்கையில் நீரிழிவின் பரப்பை அறிவதற்காக 2005, 2006-ஆம் ஆண்டுகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, வளர்ந்தோரில் நூற்றுக்குப் பத்துப்பேருக்கு அந்நோய் உண்டெனக் கண்டது. அவ்வாய்வு ஏழு மாகாணங்களிலேயே நடைபெற்றது. போர்ச் சூழலால் வடக்கும் கிழக்கும் விடுபட்டன. வாவியின் இரு கரையினரும் அக்கணக்கிற் சேரவில்லை. பின்னர், 2018, 2019-ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் நடந்த ஆய்வில், நீரிழிவு உடையோர் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேர் எனத் தெரியவந்தது. நால்வரில் ஒருவர் என்னும் நிலையை நாம் நெருங்கிவிட்டோம்.

வாழ்க்கை மாறியதே இதற்குப் பெருங்காரணம். அரிவாள் பிடித்து வெட்டிச் சூடடித்த வேளாண்மையை இன்று இயந்திரம் ஒரே நாளில் அறுத்துத் தூற்றித் தருகின்றது. கோலூன்றித் தோணி செலுத்தியவர் மகன் இயந்திரப் படகில் செல்கின்றான். 2014-இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதும், ஓடத்துக்குக் காத்துநின்று கொக்கட்டிச்சோலைக்குப் போன காலம் மறைந்தது. இவற்றைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. நோயாளியை விரைந்து வைத்தியசாலை சேர்ப்பதும் அதே பாலந்தான். ஆனால் உடலுழைப்பு குறைந்த அளவுக்குச் சோற்றின் அளவு குறைந்ததா? வயலில் நாள்முழுதும் நின்ற தந்தை உண்ட சோற்றையே, மேசைமுன் அமரும் மகனும் உண்கின்றான். அதன்மேல் சீனி மிகுந்த தேநீர் நாளொன்றுக்கு நாலைந்து முறை. விருந்தென்றால் எருமைத் தயிரும் சர்க்கரையும். தேனும் தயிரும் இந்நாட்டின் பெருமையே. அப்பெருமையை நாள்தோறும் வயிற்றிற் சுமக்கவேண்டியதில்லை.

இரவு எழுதலின் பல காரணங்கள்

இரவில் அடிக்கடி எழுவோர் யாவர்க்கும் சுரப்பியே குற்றவாளி என்று கொள்ளலாகாது. குருதியிற் சர்க்கரை மிகுந்தால் சிறுநீரும் மிகும். சுரப்பி பருத்தவர் சிறிது சிறிதாகவே நீர் கழிப்பார். நீரிழிவாளர் ஒவ்வொரு முறையும் நிறையக் கழிப்பார், தாகமும் மிகும். இரண்டும் ஒருவரிடத்தே கூடுவதும் உண்டு. நாட்பட்ட நீரிழிவு சலப்பையின் நரம்புகளையும் கெடுத்துவிடும். இருதய நோயால் பகலிற் காலில் இறங்கும் நீர், படுத்ததும் மேலேறி இரவில் வெளிப்படும். உடல் பருத்துக் குறட்டையோடு மூச்சுத் தடைபட்டு உறங்குவோரும் இரவில் எழுவர். குருதி அழுத்தத்துக்காக உட்கொள்ளும் நீர்பெருக்கி மாத்திரையை மாலையில் விழுங்குவதும் ஒரு காரணமாகலாம்.

ஆகவே, இரவில் இருமுறைக்கு மேல் எழும் பெரியவர் எவரும் இரண்டு காரியங்களைச் செய்துகொள்ளவேண்டும். ஒன்று சர்க்கரைச் சோதனை, மற்றொன்று சுரப்பிச் சோதனை. வைத்தியர் கையுறை அணிந்து, மலவாயில் வழியே விரலாற் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார். ஓரிரு நிமிடங்களில் முடியும் அச்சோதனைக்கு வெட்கி ஆண்டுக்கணக்கில் மறைந்து திரிவோர் எத்தனை பேர்! சர்க்கரை, குருதி அழுத்தம், நிறை ஆகியவற்றை இலவசமாகப் பார்ப்பதற்கு அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் உள்ளன. அங்கே பெண்கள் வருகிற அளவுக்கு ஆண்கள் வருவதில்லை என்பது நம்மவர் வெட்கப்படவேண்டிய செய்தி.

செய்யத்தக்கனவும் தகாதனவும்

முதலாவது, நடை. வாரத்தில் இரண்டு முதல் மூன்று மணி நேரம் நடப்போர்க்கு இந்நோய்க்குரிய வாய்ப்பு நூற்றுக்கு 25 பங்கு குறைந்திருந்ததை 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று. நாளொன்றுக்கு அரைமணி நேரத்துக்கும் குறைவே அது. கல்லடிக் கடற்கரையும் வாவிக்கரை வீதியும் காலை வேளைகளில் நமக்காகக் காத்திருக்கின்றன.

இரண்டாவது, உணவு. தட்டிலே சோற்றின் அளவைக் குறைத்து, கீரையும் காய்கறியும் மீனும் கூடுதலாக வைக்கவேண்டும். தேநீரிற் சீனியைக் கைவிடுதல் வேண்டும். பகலில் வேண்டிய நீரை அருந்தி, உறங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பிருந்து குறைத்துக்கொள்ளலாம். அடியோடு நீரை நிறுத்துதல் தவறு. அதனாற் கல்லும் சலத்தொற்றும் விளையும்.

மூன்றாவது, மருந்தில் எச்சரிக்கை. தடிமனுக்கும் சளிக்கும் கடையில் வாங்கும் சில மாத்திரைகளும் பாணிகளும் சலப்பை வாயிலை இறுக்கி, ஓரிரவில் நீரை முற்றாக அடைத்துவிடும். மருந்து வாங்கும்போது, 'எனக்கு நீர் பிரிவதிற் தொல்லை உண்டு' என்று கூறவேண்டும். விளம்பரங்களிற் காணும் மூலிகை மாத்திரைகளை நம்பிக் காலம் கடத்தலும் ஆகாது. மேனாட்டிற் பெயர்பெற்ற 'சோ பால்மெற்றோ' என்னும் பனையினச் செடியின் சாறு, 2006-இலும் 2011-இலும் வெளியான ஆய்வுகளில், வெறும் மாத்திரையைவிட மேலான பயனைத் தரவில்லை.

நோய் வந்தபின்னும் அஞ்சவேண்டியதில்லை. இறுகிய தசையைத் தளர்த்தும் 'ரம்சுலோசின்' போன்ற மருந்துகள் சில நாட்களிலேயே பயன் தருவன. 1992 முதல் வழக்கிலுள்ள 'பினஸ்ரரைட்' என்னும் மருந்து சுரப்பியையே சிறுக்கச் செய்யும். அதற்குச் சில மாதங்கள் பொறுத்திருக்கவேண்டும். மருந்துக்கு மசியாதவர்க்கு, வயிற்றைக் கீறாமல் சிறுநீர்க் குழாய் வழியாகவே அடைப்பை அகற்றும் சத்திரசிகிச்சை உண்டு. நீர் முற்றாக அடைபட்டாலோ, நீரிற் குருதி தோன்றினாலோ, காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தாலோ, விடியட்டும் என்று காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

முடிவாக, இல்லத்தரசியர்க்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். நள்ளிரவில் தாழ் நீக்கும் ஓசை உங்கள் காதில் விழுமாயின், உறங்குவதுபோல் கிடந்துவிடாதீர்கள். மறுநாட் காலை, தையல் நாடாவை எடுத்துத் தந்தையின் இடுப்பை அளந்து பாருங்கள். அப்படியே உங்களுடையதையும் அளந்துகொள்ளுங்கள். பின்னர் அவரை அழைத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். மணல் சேரும் காலத்திலே முகத்துவாரத்தைக் கவனித்தவன் வயலைக் காத்துக்கொள்வான். வெள்ளம் வந்தபின் மண்வெட்டி தேடுபவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை.